3 வருஷம் சம்பளம் வாங்காத பேராசிரியர்... உங்க 5ஜி-க்குத் தாத்தா இவர்தான்!

ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சுட்டு பெங்களூரு பஸ் ஏறுறீங்க. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வர்றதுக்குள்ள, உங்க போன் தமிழ்நாட்டு டவரை விட்டுட்டு கர்நாடகா டவரைப் பிடிச்சிடும். அந்த டவர் ஆன்டெனாவுக்கும், 1858-ல் பிறந்த ஒரு வங்காளிக்கும் சொந்தம் உண்டு. செடிகளுக்கும் உணர்ச்சி இருக்குன்னு சொன்னவரா ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே... அதே ஜெகதீஷ் சந்திர போஸ்தான்!

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். இந்தியர் என்பதால் ஐரோப்பியப் பேராசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு. போஸ் கத்தவில்லை, வேலையை விடவும் இல்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. வீட்டில் அப்பாவின் கடன் கழுத்தை நெரித்தபோதும் 3 வருஷம் அப்படியே! கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அந்தப் பணத்தில் கடன் அடைந்தது.

அடுத்து, ஒரு சின்ன அறையில் ரேடியோ அலை ஆராய்ச்சி. 1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில், சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தையும் வெடிக்கவைத்தார். ஒயரே கிடையாது! மற்றவர்கள் நீள அலைகளின் பின்னால் ஓட, இவர் 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை இறங்கினார். அலையை ஒரே திசையில் செலுத்த, புனல் மாதிரி ஹார்ன் ஆன்டெனாவும் செய்தார்.

இதுல என்ன விசேஷம்னு கேட்கிறீங்களா? ஸ்பெக்ட்ரம் கொஞ்சம், ஆளுங்க நிறைய. அதனால ஊரைச் சின்னச் சின்ன செல்களாப் பிரிச்சு, ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளித் திரும்பப் பயன்படுத்துறாங்க. செல்போன்னு பேர் வந்ததே அப்படித்தான். ரெண்டு செல்லும் மோதாம இருக்கணும்னா, சிக்னல் ரொம்ப தூரம் போகக் கூடாது. குறிச்ச திசையிலதான் போகணும். குட்டி அலைகள் ரெண்டுக்கும் தோது. ஆன்டெனாவும் சின்னதாகிடும். இந்த செல் யோசனை பெல் லேப்ஸில் பிறந்தது 1947-ல். போஸ் இறந்து 10 வருஷம் கழித்து!

காப்புரிமையில் போஸுக்கு ஆசையே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. அதையும் அவர் காசாக்கவில்லை. நோபல், ரேடியோ வியாபாரம் எல்லாம் மார்கோனி பக்கம் போயின.

2012-ல் சர்வதேசப் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ, போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஒரு மைல்கல்லாக அறிவித்தது. 2022-ல் இந்தியா 5ஜி-க்காக ஏலம் விட்டதில் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. அது, போஸ் அந்தச் சின்ன அறையில் விளையாடிய அலைகளின் பக்கத்து வீடு!