ஏழு வயதில் கச்சேரி செய்த புல்லாங்குழல் மாலி!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கோயில் திருவிழா என்றால் புல்லாங்குழல் வியாபாரி ஒருவர் வந்துவிடுவார்.

நீண்ட கம்பு ஒன்றில் குழல்களைச் செருகித் தோளில் சாய்த்திருப்பார். தானும் ஒரு குழலில் சினிமாப் பாட்டு வாசித்தபடியே நடப்பார். குழந்தைகள் அவர் பின்னாலேயே ஓடும். வாங்கித் தரும்வரை அழுகை நிற்காது.

வீட்டுக்கு வந்து குழந்தை ஊதிப் பார்க்கும். புஸ்ஸென்று காற்றுதான் வரும். பாட்டு வராது! இரண்டு நாளில் குழல் பரணுக்குப் போய்விடும்.

ஆனால் ஒரு குழந்தையின் கையில் கிடைத்த குழல் பரணுக்குப் போகவில்லை. அது மேடைக்குப் போயிற்று. அந்தக் குழந்தைக்கு அப்போது வயது ஏழு!

அவர்தான் புல்லாங்குழல் மாலி. அவருடைய கதையைக் கேளுங்கள்.

இரண்டு மகாலிங்கம்

மாலியின் முழுப் பெயர் டி.ஆர். மகாலிங்கம்.

இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு சினிமா நடிகர் மகாலிங்கத்தின் ஞாபகம் வரும். அவர் வேறு, இவர் வேறு. நடிகர் மகாலிங்கம் சோழவந்தான் பக்கத்துத் தென்கரையைச் சேர்ந்தவர். பாடி நடித்துப் புகழ் பெற்றவர். இவர் தஞ்சைச் சீமையின் திருவிடைமருதூர்க்காரர். குழல் ஊதிப் புகழ் பெற்றவர்.

கும்பகோணத்துக்கு அருகே இருக்கிறது திருவிடைமருதூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் சுவாமியின் பெயர் மகாலிங்கசுவாமி. அந்த ஊரில் 1926-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி பிறந்த குழந்தைக்கும் மகாலிங்கம் என்றே பெயர்.

தகப்பனார் பெயர் ராமசுவாமி அய்யர்.

யாரும் சொல்லித் தராத பாடம்

மகாலிங்கத்துக்கு ஐந்து வயதானபோது ஜால்ரா கோபால அய்யரிடம் வாய்ப்பாட்டுக் கற்க விட்டார்கள். பாட்டுத்தான் பாடம். குழல் அல்ல!

ஆனால் சிறுவனின் மனம் குழலில் போய் ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் கண்ணில் படாமல் குழலை எடுத்து ஊதிப் பார்த்தான். உதட்டை எப்படி வைப்பது, எந்தத் துளையை மூடினால் எந்தச் சுரம் வரும் என்று தானாகவே கண்டுபிடித்தான்.

ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டான். அப்போது அவன் வாசித்தது பைரவி ராகத்து விரிபோணி வர்ணம்.

அது சின்னப் பாட்டு அல்ல. பச்சிமிரியம் ஆதியப்பையர் என்ற பழைய காலத்து மேதை இயற்றியது. நீளமானது, தாளமும் கடினமானது. வயது வந்தவர்களே வாரக்கணக்கில் பாடம் செய்து, பயந்து பயந்து பாடுவார்கள். அதைக் குழலில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு குழந்தை வாசித்தது!

கேட்ட பெரியவர்கள் திகைத்தார்கள். அவனுக்கு உரியது குழல்தான் என்பது தெரிந்துபோயிற்று.

மயிலாப்பூரில் பொன்னாடை

1933-ம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் தியாகராஜ சுவாமிகள் உற்சவம் நடந்தது. அங்கே மகாலிங்கத்தின் முதல் கச்சேரி.

கூட்டத்தில் பெரிய வித்துவான்கள் இருந்தார்கள். வாய்ப்பாட்டில் கொடி கட்டிப் பறந்த முசிரி சுப்பிரமணிய அய்யர் வந்திருந்தார். வயலின் மேதை பரூர் சுந்தரம் அய்யரும் வந்திருந்தார்.

சிறுவன் வாசித்தான். இரண்டு மேதைகளும் அவனுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தார்கள்!

அன்றிலிருந்து ஓய்வு இல்லை. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டுக்கும் ஓடும் வயதில், இவன் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனான். சபா சபாவாக அழைப்பு வந்தது.

மகாலிங்கம் என்ற பெயர் ரசிகர்கள் வாயில் மாலி என்று சுருங்கியது.

அவருக்கு முன்னே குழல்

புல்லாங்குழல் கண்ணன் கையில் இருந்த வாத்தியம். நாட்டில் எல்லோரும் அறிந்தது. ஆனாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரியில் அதற்கு நடு இடம் கிடைக்க வெகு காலம் ஆயிற்று.

கும்பகோணத்தில் சரப சாஸ்திரி என்று ஒரு மகான் இருந்தார். 1872-ல் பிறந்தவர். கண் பார்வை இல்லாதவர். பாட்டுக் கச்சேரி போலவே குழலிலும் முழுக் கச்சேரி செய்யலாம் என்று காட்டியவர் அவர்தான். 1904-ல், 32 வயதிலேயே காலமாகிவிட்டார்.

அவருடைய சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ். குருவுக்குப் பிறகு பல ஆண்டுக் காலம் குழலில் அவர்தான் முன்னணியில் இருந்தார்.

அந்தக் காலத்து வாசிப்பில் சுரங்கள் முத்து முத்தாகத் தனித்தனியே விழும். கேட்க இனிமைதான். ஆனால் நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குக் குழைந்து, அசைந்து போவது. பாடுகிறவருக்குத் தொண்டை அப்படிக் குழையும். வயலின்காரருக்கு விரல் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

குழலில் என்ன செய்வது? துளைகள் போட்டது போட்ட இடத்தில் அல்லவா இருக்கின்றன?

மாலியின் கிளிப் பிடி

இந்தக் கேள்விக்குத்தான் மாலி பதில் கண்டுபிடித்தார்.

மேல்நாட்டில் ரெக்கார்டர் என்று ஒரு குழல் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பார்கள். அதை நேராகப் பிடித்து, நுனியை வாயில் வைத்து ஊத வேண்டும். காற்று போக வேண்டிய வழியை அதன் வாயிலேயே செதுக்கி வைத்திருப்பார்கள். ஆகையால் முதல் நாளே சத்தம் வந்துவிடும்.

நம் புல்லாங்குழலில் அந்த வசதி இல்லை. வெறும் மூங்கில்! ஊத ஒரு துளை, விரலுக்கு எட்டுத் துளைகள். காற்றுக்கு வழி செய்ய வேண்டியது ஊதுகிறவரின் உதடு. திருவிழாக் குழல் குழந்தைக்குப் பாடாததன் காரணம் இதுதான்.

கஷ்டமான இந்த உதட்டு வேலையையே மாலி தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் காற்றின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். குழல் இரகசியம் பேசுவது போலவும் பேசிற்று. சபை அதிரவும் பேசிற்று.

விரல்களையும் வேறு மாதிரி வைத்தார். கிளி மரக்கொம்பைக் கவ்விப் பிடிக்குமே, அது போன்ற பிடி. அப்படிப் பிடித்தால் துளையைச் சட்டென்று திறக்கத் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். பாதி மூடி, பாதி திறந்து நிறுத்தலாம். அப்போது சுரம் தாவிக் குதிக்காமல் குழைந்து போகும்.

குழல் பாட ஆரம்பித்தது! வார்த்தை இல்லை என்ற ஒரே குறைதான். ராகத்தை வாய்ப்பாட்டுப் போலவே குழலில் கேட்டார்கள் ஜனங்கள்.

மிருதங்கத்தில் பாலக்காடு மணி அய்யர், வயலினில் பாப்பா வெங்கடராமய்யா போன்ற ஜாம்பவான்கள் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார்கள்.

காத்திருந்த கூட்டம்

இத்துடன் கதை முடிந்திருந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது.

மாலியின் கச்சேரி என்றால் கூட்டம் நிரம்பி வழியும். ஆனால் மாலி வருவாரா? அதுதான் தெரியாது!

சில நாள் வெகு நேரம் கழித்து வருவார். சில நாள் வரவே மாட்டார். வந்தாலும் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுப் பாதியில் எழுந்து போனதும் உண்டு. டிக்கெட் வாங்கியவர்கள் கோபித்தார்கள். சபாக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

மதுப் பழக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டது. கச்சேரியே செய்யாமல் நெடு நாட்கள் ஒதுங்கியிருந்ததும் உண்டு.

ஆனால் ஒரு வேடிக்கை. அடுத்த முறை மாலி கச்சேரி என்று விளம்பரம் வந்தால் கோபித்தவர்களே முதல் வரிசைக்கு வந்தார்கள்! அவர் மனம் வைத்து வாசிக்கும் நாள் ஒன்று வாய்த்துவிட்டால், அது ஆயுளுக்கும் போதும் என்று நினைத்தார்கள்.

ஏன் அப்படி நடந்துகொண்டார்? ஒற்றைக் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஏழு வயதிலிருந்து அவர் ஊராருக்காக வாசித்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்ல அந்தக் குழந்தைக்கு வழி இருந்திருக்காது. பெரியவரான பிறகு மேடையிலேயே அதைச் சொன்னாரோ என்னவோ!

வேண்டாம் என்ற விருது

பிற்காலத்தில் மாலி பெங்களூரில் வாழ்ந்தார். பிறகு அமெரிக்கா போய்ச் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினார்.

1986-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தது. பெரிய கௌரவம். மாலி அதை ஏற்றுக்கொள்ளவில்லை!

அதே 1986-ம் ஆண்டு மே 31-ந் தேதி அவர் காலமானார். வயது 59.

குழல் நிற்கவில்லை

மாலி போனாலும் அவருடைய வாசிப்பு போகவில்லை. சிஷ்யர்கள் அதைக் காப்பாற்றினார்கள்.

திருவாரூரில் பிறந்த என். ரமணி அவர்களில் முக்கியமானவர். குருவின் வழியையே எடுத்துக்கொண்டார். ஆனால் கச்சேரிக்கு ஒழுங்காக வந்து, ஒழுங்காக முடித்தார்! நீளமான பெரிய குழலையும் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். 1983-ல் சென்னையில் குழல் பள்ளி தொடங்கிப் பலருக்குக் கற்றுக் கொடுத்தார். 2015-ல் காலமானார்.

டி.எஸ். சங்கரன், பிரபஞ்சம் சீதாராம் ஆகியோரும் மாலியின் சிஷ்யர்களே. அவர்களிடம் கற்றவர்களும் மேடை ஏறிவிட்டார்கள்.

இனிமேல் புல்லாங்குழல் கச்சேரிக்குப் போனால் வாசிப்பவரின் விரல்களைக் கவனியுங்கள். துளையைத் தொட்டும் தொடாமலும் அவை அசையும். சுரம் குழைந்து வரும். அது திருவிடைமருதூர்ச் சிறுவன் கண்டுபிடித்த வழி.

உங்கள் வீட்டுக் குழந்தையும் திருவிழாவில் குழல் கேட்டு அழுதால் வாங்கிக் கொடுங்கள். நன்றாக ஊதினால் நல்ல குருவிடம் சேர்த்துவிடுங்கள்.

கூடவே, சாயங்காலம் ஆனதும் தெருவில் விளையாடவும் விடுங்கள். மாலிக்குக் கிடைக்காதது அதுதான்.