ரீட்டா ஹேவொர்த்: ஹாலிவுட் மாற்றிய முகம்... நடந்தது என்ன?

இன்னைக்கு போன்ல ஒரு ஃபில்டரைத் தட்டினா போதும், முகம் மாறிடும். 1930-களில் ஹாலிவுட் இதை நிஜ முகத்திலேயே செய்தது.

1918-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் மார்கரீட்டா கார்மென் கன்சினோ. அப்பா ஸ்பெயினில் இருந்து வந்த நடனக் கலைஞர். 12 வயதிலேயே அப்பாவோடு ஜோடியாக மேடையில் ஆடத் தொடங்கினார். சினிமாவிலோ, கருங்கூந்தலைப் பார்த்து வெளிநாட்டுப் பெண் வேடங்களையே கொடுத்தார்கள்.

1937-ல் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. பெயர், தோற்றம் இரண்டுமே ரொம்ப ஸ்பானிஷா இருக்குன்னு நினைத்தார் அதன் தலைவர் ஹாரி கோன். அம்மா வழிப் பெயரைத் தழுவி 'ஹேவொர்த்' வந்தது. கூந்தல் செந்நிறமானது. நெற்றி அகலமாகத் தெரிய எலக்ட்ரோலிசிஸ் செய்தார்கள். மின்சாரம் செலுத்தி ஒவ்வொரு முடியாக வேரை அழிக்கும், வலி நிறைந்த சிகிச்சை இது.

1941-ல் லைஃப் பத்திரிகைப் படம், 1946-ல் 'கில்டா'. உலகமே அவரை அழகின் அளவுகோலாகக் கொண்டாடியது. பிறகு ஒரு படத்துக்காக அவர் கணவரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் அந்தக் கூந்தலை வெட்டச் சொன்னபோது, கோன் கொதித்துப்போனார்.

அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்ட ரீட்டா, 1987-ல் 68 வயதில் காலமானார்.

கண்ணாடி முன்னாடி நின்னு குறைப்படும்போது ஒண்ணை நினைச்சுக்கோங்க: ஊரே ஏங்கிய அந்த முகம், ரீட்டாவுக்கே பிறப்பில் கிடைத்ததில்லை.