பல்லாவரம் கல்லும் நம்ம சீமை மணலும்: ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்றதும் பல்லாவரம்தான் ஞாபகம் வரும். 1863 மே 30-ல் அங்கே அவர் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியாவிலும் பழைய கற்காலம் உண்டு என்று உலகுக்குக் காட்டியது. ஆனால் நம்ம தென்காசிச் சீமைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

1834-ல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 33 வருட சர்வீஸ் முடித்து 1891-ல் ஓய்வு பெற்றார். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலைப் பற்றிய அவருடைய நூல் 1883-ல் வெளிவந்தது. தென்காசியும் குற்றாலமும் அப்போது திருநெல்வேலி ஜில்லாதானே! மேற்கே மலைப் பாறை முதல் கிழக்கே செம்மணல் தேரி வரை பார்த்து எழுதினார். சாயர்புரம் தேரியில் சின்னஞ்சிறு கல் கருவிகளையும் கண்டார். 1956-ல் சாய்னரும் ஆல்ச்சினும் அந்தத் தேரிகளைப் பழைய கடல் மட்டத்தோடு சேர்த்து ஆராய்ந்தார்கள்.

ஃபூட்டிடம் இருந்தது சுத்தியலும் கூர்மையான கண்ணும். இன்றைக்குக் கண்ணுக்குத் தப்பியதையும் படிக்க முடிகிறது. கடலோரக் களிமண்ணை 63 மைக்ரான் சல்லடையில் அலசி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் தெரியும். அம்மோனியா வகையே மிகுந்திருந்தால் பெரும்பாலும் உப்பங்கழி. குளோபிஜெரினா போன்ற மிதவை வகைகள் கூடினால் திறந்த கடல். கார்பன் கணிப்பையும் சேர்த்தால் காலமும் கிடைக்கும்.

கொற்கைத் துறைமுகம் இன்று கடலை விட்டு சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, வண்டலைச் சுமந்து அந்தப் பக்கம்தான் போகிறது. அங்கே கடல் மண் எந்த ஆழத்தில் முடிந்து ஆற்று மண் தொடங்குகிறது என்று சொல்லும் சாட்சி இந்தப் பொடி ஓடுகள்தான்.

என்னைப் போன்ற இன்ஜினியர்கள் பாலத்துக்கு போர் போட்டு மண்ணின் பலத்தை மட்டும் பார்ப்போம்; மிச்ச மண்ணைக் கொட்டிவிடுவோம். ஃபூட் அப்படியல்ல. நாற்பதாண்டு சேகரிப்பை இடம் குறித்து வைத்தார். 1904-ல் சென்னை அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்றும் அது ஆய்வுக்குப் பயன்படுவது அந்தக் குறிப்புகளால்தான்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் காலமானார். அவர் நினைவிடம் ஏற்காட்டில் இருக்கிறது. தம்பி, தங்கைகளே, கடலோரத்தில் வேலை கிடைத்தால் ஒரு பிடி மண்ணை எடுத்து, ஊர், ஆழம், தேதி எழுதி வையுங்கள். படிக்கிறவர்கள் பின்னால் வருவார்கள்.