உப்பைக் கரைத்து வயது தேடியவர்

கடற்கரை காணாத சூரமங்கலத்தில், வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் நிலத்திற்கு அருகே வாழும் நமக்குக் கல் புதிதன்று. கண்ணுக்குப் புலனாகாத் துகள் ஒன்று கல்லின் வயதைக் காட்டும் என்பதே வியப்பு. அத்தகைய ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டவர் தொல்தாவரவியல் அறிஞர் பீர்பால் சகானி ஆவார்.

1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் ருச்சிராம் சகானி லாகூரில் வேதியியல் பேராசிரியர். லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற சகானி, 1921இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியரானார். 1936இல் லண்டன் ராயல் சங்க உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

பேராவிற்கு அண்மையில் உள்ளது உப்பு மலைத்தொடர். பழங்கடல் வற்றிப் படிந்த அவ்வுப்பின் வயது குறித்து நிலவியலாரிடையே நெடுநாள் கருத்து வேற்றுமை இருந்தது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கேம்பிரியன் காலத்தது என்றனர் ஒரு சாரார்; ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய இயோசீன் காலத்தது என்றனர் மறுசாரார். 1940களில் சகானி, உப்பை நீரில் கரைத்து எஞ்சிய கசடை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மரத்துணுக்குகளும் பூச்சிகளின் உறுப்புகளும் தென்பட்டன. பூக்கும் தாவரங்கள் கேம்பிரியன் காலத்தில் தோன்றவில்லை. ஆகவே உப்பு இயோசீன் காலத்ததே என அவர் முடிவு செய்தார்.

ஆயின், அவ்வுப்பு மிகப் பழமையானதே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அவர் கண்ட துணுக்குகள் பின்னாளில் உட்புகுந்தவை எனக் கருதப்படுகின்றன. இதனால் அவர்தம் பெருமை குன்றவில்லை. ஆய்வுக்கூடத்தின் அருமையே விளங்குகிறது. அரியலூர்ப் பகுதியின் பழங்கடற் படிவுகளிலிருந்து நுண்ணுயிர் ஓடுகளைப் பிரிப்போர், முதலில் கல்லின் மேற்பரப்பைச் செதுக்கி நீக்குதல் வேண்டும். சுண்ணாம்பு ஓட்டை அமிலம் அரித்துவிடும் ஆதலின், களிப்பாறையை நீரில் ஊறவைத்துச் சலித்தெடுப்பர். ஒரு மாதிரிக்குப் பயன்பட்ட சல்லடையை நன்கு கழுவாது மறு மாதிரிக்குப் பயன்படுத்தலாகாது. அயல் துகள் ஒன்று கலந்தால் காலக்கணக்கே பிறழும்.

லக்னோவில் தாம் கண்ட ஆய்வு நிறுவனத்தின் கட்டடத்திற்கு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 10ஆம் நாள், சகானி மறைந்தார். துணைவியார் சாவித்திரி அப்பணியைத் தொடர்ந்து நடத்தினார்.

தூய்மையை இறைநம்பிக்கையின் பாதியாகப் போற்றும் நமக்கு இவ்வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. உடலும் உடையும் போல ஆய்வுக் கலமும் தூயதாதல் வேண்டும். கண்டதை மீண்டும் சோதிக்க அஞ்சாத உள்ளமும் வேண்டும். நம் மாணவச் செல்வங்கள் இவ்விரண்டையும் கைக்கொள்வாராக.