கொடுமுடி கோகிலம்

தைப்பூசக் காலத்தில் கெடா மாநிலத்தின் முருகன் கோவில்களில் ஒலிபெருக்கி வழியாகப் பழைய பக்திப் பாடல்கள் ஒலிப்பதைக் கேட்டிருப்போம். கணீரென்ற ஒரு பெண் குரல் மட்டும் அவற்றுள் தனியே தெரியும். ஒவ்வொரு சொல்லையும் ஐயமின்றி உச்சரித்து, மேல் சுரத்திலும் பிசிறில்லாமல் பாடும் அக்குரலுக்கு உரியவர் கே.பி. சுந்தராம்பாள். நாடக மேடை, வெள்ளித்திரை, அரசியல் மேடை ஆகிய மூன்றிலும் தடம் பதித்த இவரைத் தமிழுலகம் கொடுமுடி கோகிலம் என்று போற்றியது.

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிறந்தார். தமிழ்நாட்டில் காவிரிக் கரையில் அமைந்துள்ள கொடுமுடி இவரது சொந்த ஊராகும். தாயார் பாலாம்பாள். ஊரின் பெயரும் தாயின் பெயருமே கே.பி. என்ற முன்னெழுத்துகளாக அமைந்தன. தாயார் தம் பிள்ளைகளைத் தனியே வளர்க்க நேர்ந்ததால் வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. பசியைப் போக்கச் சிறுமி சுந்தராம்பாள் இரயிலில் பாடிக் காசு பெற்றார். அவரிடம் இருந்த ஒரே செல்வம் குரல்தான்.

அந்தக் குரலே அவருக்கு வழி திறந்தது. இரயில் பயணத்தின்போது அவர் பாடியதைக் கேட்டு வியந்த ஒருவர், அவரை வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பசி இன்னதென்று அறிந்திருந்த சிறுமி, அவ்வேடத்தில் உருகிப் பாடி அவையோரைக் கலங்க வைத்தார்.

அக்கால நாடகங்கள் இரவு தொடங்கி விடியும்வரை நடைபெற்றன. ஒலிபெருக்கி வசதி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். எனவே, நடிப்புத் திறனைவிட உச்ச சுரத்தில் பாடும் வல்லமையே நடிகர்களுக்கு முதன்மையான தகுதியாகக் கருதப்பட்டது. அந்த வல்லமை சுந்தராம்பாளிடம் நிறைந்திருந்தது. தமிழகத்தில் மட்டுமன்றி இலங்கையிலும் அவர் புகழ் பரவியது.

1926-இல் கொழும்பில் நடந்த நாடகங்கள் அவர் வாழ்வில் பெரும் திருப்பத்தை ஏற்படுத்தின. செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா என்ற புகழ்பெற்ற பாடகர் அங்கே அவருடன் இணைந்து நடித்தார். கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாட எவராலும் இயலாது என்று பலர் எண்ணியிருந்தனர். சுந்தராம்பாளோ அவருக்குச் சற்றும் குறையாமல் பாடினார். வள்ளி திருமணம் நாடகத்தில் இருவரும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்க மக்கள் திரண்டனர். மேடையில் இணைந்த இருவரும் 1927-இல் வாழ்விலும் இணைந்தனர்.

ஆனால், அந்த இல்லறம் நிலைக்கவில்லை. மனவேறுபாட்டால் இருவரும் பிரிந்து வாழ நேர்ந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் அவர் நகைகளைத் துறந்தார். வெள்ளைப் புடவை மட்டுமே அணிந்தார். எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையிலிருந்தும் விலகினார். இனி அக்குரலைக் கேட்க முடியாதோ என்று இரசிகர்கள் ஏங்கினர்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் அவரை மீண்டும் பொதுவாழ்விற்கு அழைத்தனர். இந்தியா அந்நியர் ஆட்சியில் இருந்த காலத்தில், மக்களை எழுப்பக் குரல் வலிமை படைத்த கலைஞர்கள் தேவைப்பட்டனர். சுந்தராம்பாள் கதராடை உடுத்தினார்; நாட்டு விடுதலைப் பாடல்களைக் கூட்டங்களிலும் இசைத்தட்டுகளிலும் பாடினார்; தேர்தல் பிரசாரத்திற்காக ஊர் ஊராகச் சென்றார். 1937-இல் காந்தியடிகள் கொடுமுடியில் அவரது இல்லத்திற்கு வருகை புரிந்தார். அவருக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டது. உணவோடு தட்டையும் தருவதுதானே முறை என்னும் பொருள்பட அண்ணல் கேட்க, சுந்தராம்பாள் அதனை மகிழ்வுடன் வழங்கினார். அத்தட்டு ஏலம் விடப்பட்டுத் தொகை பொதுப்பணிக்குச் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையில் தமிழில் பேசும் படங்கள் வெளிவரத் தொடங்கியிருந்தன. நந்தனார் படத்தில் நடிக்க அழைப்பு வந்தபோது, சுந்தராம்பாளுக்கு அதில் விருப்பமில்லை. அழைத்தவர்கள் பின்வாங்கட்டும் என்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார். அக்காலத்தில் அது எவரும் எண்ணிப் பார்க்காத தொகை. படத் தயாரிப்பாளரோ அதற்கும் இணங்கினார். 1935-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற அவரது உறுதிக்கு அவ்வேடம் இடையூறாக இல்லை. எனினும், படம் எதிர்பார்த்த பாராட்டைப் பெறவில்லை. பாட்டைப் புகழ்ந்தவர்களும் நடிப்பைக் குறை கூறினர். 1940-இல் மணிமேகலை படத்தில் துறவியாகும் நாயகி வேடத்தை ஏற்றார். அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் திரையிலிருந்து விலகியிருந்தார்.

1951-இல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். திரைக் கலைஞர் ஒருவர் சட்ட அவையில் இடம்பெறுவது அக்காலத்தில் மிகப் புதுமையான செய்தியாகும். இரயிலில் பாடிய ஏழைச் சிறுமி, சட்டம் இயற்றும் அவையில் அமரும் நிலைக்கு உயர்ந்தார்.

அவரது திரைவாழ்வின் சிகரமாக 1953-இல் ஔவையார் படம் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் பெரும் பொருட்செலவில் அதனைத் தயாரித்தது. முதுமையை வேண்டிப் பெற்று, ஊர் ஊராக நடந்து, அரசருக்கும் எளியோருக்கும் அறம் உரைத்த மூதாட்டியின் வேடத்தை ஏற்றபோது சுந்தராம்பாளுக்கு வயது 45-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வேடம் அவருக்கு மிகப் பொருந்தியது. இழப்பும் துறவும் கண்டவரின் குரலில் அறவுரைகள் உயிர் பெற்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நாம் பயிலும் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அருளிய ஔவைக்கு, தமிழ் மக்கள் மனத்தில் ஒரு முகம் கிடைத்தது. அது சுந்தராம்பாளின் முகமே.

பின்னர், பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965-இல் வெளிவந்த திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார். மலாயாவில் திரைப்படம் என்பது தோட்டத்து மக்களுக்குக் கிடைத்த அரிய பொழுதுபோக்காக இருந்த காலம் உண்டு. கெடா முதலிய மாநிலங்களின் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவர். பால்மரம் வெட்டிக் களைத்தவர்கள் பாய் விரித்துக் குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பர். தமிழ்ப் படங்களும் பாடல்களும் அவர்களின் மொழியையும் மரபையும் காத்த துணைகளுள் ஒன்றாக விளங்கின.

சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. துணைவன் படத்தில் பாடியமைக்காக 1969-ஆம் ஆண்டிற்கான சிறந்த பின்னணிப் பாடகி என்னும் இந்தியத் தேசிய விருதைப் பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. உயர்வுகள் பல பெற்றபோதும் அவர் பிறந்த ஊரை மறக்கவில்லை. கொடுமுடியில் தம் பெயரில் ஒரு திரையரங்கை நிறுவினார். 1980-இல் அவர் மறைந்தார்.

வறுமை அவரது குழந்தைப் பருவத்தைப் பறித்தது. இளம் வயதில் ஏற்பட்ட இழப்பு அவரது இல்லற மகிழ்வைப் பறித்தது. இருப்பினும், துயரம் தம் குரலை அடக்கிவிட அவர் இடம் தரவில்லை. தமக்காகப் பாடத் தொடங்கியவர், பின்னர் நாட்டுக்காகவும் தமிழுக்காகவும் பாடினார். தமக்கென வகுத்துக்கொண்ட நெறியைப் புகழுக்காகவோ பணத்துக்காகவோ கைவிடாமல் வாழ்ந்ததே, அவரது குரலுக்கு இணையான பெருமையாகும்.