யோஸெப் பிரென்னர்

பத்திரிகை நடத்துவோருக்குப் பணமுடை புதிதல்ல. ஆயினும் ஹீப்ரு எழுத்தாளர் யோஸெப் ஹயிம் பிரென்னர் பட்ட பாட்டை அறியும்போது, நமது கஷ்டங்களைச் சொல்லிக்கொள்ள நாம் வெட்கப்படுகிறோம்.

1881-ல் ஜார் ஆட்சிக்குட்பட்ட உக்ரேனில் ஏழை யூதர் குடும்பத்தில் பிறந்த அவரை, 1901-ல் ருஷ்யப் பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்த்தனர். 1904-ல் ஜப்பானுடன் யுத்தம் மூண்டது. யூதருக்குச் சம உரிமை மறுத்த சர்க்காரின் பட்டாளத்தை விட்டு அவர் ஓடினார், பிடிபட்டார், தோழர்களின் உதவியால் தப்பி லண்டன் சேர்ந்தார்.

அங்கே அச்சுக்கோத்து ஜீவனம் செய்துகொண்டே, 1906-ல் 'ஹமெயோரேர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். விழிப்பூட்டுவோன் என்பது அதன் பொருள். ஆசிரியரும் அவரே; அச்சுக்கோப்பவரும் அவரே; சந்தாதாருக்குக் கட்டி அனுப்புபவரும் அவரே. 1907-ல் அது நின்றது. ஆயினும் ருஷ்யாவில் யூதர் கொலையுண்டு சிதறிய அக்காலத்தில், ஹீப்ரு எழுத்தின் தீபம் அவியாமல் காத்தது அச்சிறு பத்திரிகையே.

1909-ல் பாலஸ்தீனம் சென்றார். முதல் உலக மகாயுத்தத்தின்போது, 1917-ல் துருக்கி அதிகாரிகள் ஜாபா நகரத்து ஜனங்களை வெளியேற்றவே, அவரும் குடிபெயர்ந்தார். தமது நாவல்களில் சொந்த ஜனங்களின் குறைகளை அவர் மூடி மறைக்கவில்லை. முகஸ்துதி அவர் அறியாதது.

மரணத்துக்குச் சற்று முன், மாலை வேளையில் தோட்டப்புறத்தே சந்தித்த அராபியத் தொழிலாளச் சிறுவனுடன் மனம்விட்டுப் பேச முடியாமற்போனதைக் குறித்து எழுதினார். அரபு பாஷை கற்காத தம்மையே அதில் நொந்துகொண்டார். 1921 மே 2-ல் ஜாபாவில் மூண்ட யூதர்-அராபியர் கலகத்தில் அவர் கொல்லப்பட்டார். நாற்பது வயதும் நிரம்பவில்லை.

தன் பாஷைக்காக உழைப்பவன் அயலான் பாஷையையும் கற்கக் கடமைப்பட்டவன். பிரென்னரின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.