மண்டையைத் திறக்காம மூளையைப் பார்த்த எஞ்சினியர்... யார் இந்த ஹவுன்ஸ்ஃபீல்ட்?

தலையில் பலமாக அடிபட்டால் டாக்டர்கள் உடனே எழுதிக் கொடுப்பது சிடி ஸ்கேன். ஆனால் 1971-க்கு முன்பு அந்த வசதியே கிடையாது. சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், உள்ளே இருக்கும் கட்டி தெரியாது. இதற்கு வழி கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பல்கலைக்கழகப் பட்டம்கூட வாங்காத எஞ்சினியர், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட்.

யார் இவர்?

1919-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். சின்ன வயசு முழுக்க பண்ணை வாழ்க்கை. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ரேடார் பிரிவில் வேலை. பிறகு டிப்ளமோ முடித்து இஎம்ஐ கம்பெனியில் சேர்ந்தார். ஆமா, பாட்டு ரெக்கார்டு வெளியிட்ட அதே இஎம்ஐ தான்!

அப்படி என்ன ஐடியா?

எக்ஸ்ரே ஒரு கோட்டில் ஊடுருவும்போது, வழியில் உள்ள எல்லாத் திசுக்களும் சேர்ந்து எவ்வளவு தடுத்தன என்பது மட்டும்தான் தெரியும். அதாவது மொத்தக் கூட்டுத்தொகை மட்டும். எண் புதிரில் குறுக்கே, நெடுக்கே, சாய்வாகக் கூட்டல் கொடுத்து கட்டங்களை நிரப்பச் சொல்வாங்களே, அதே கணக்குதான். பல கோணங்களில் அளந்தால், ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

எத்தனை கோணம் தேவை?

எல்லாக் கோணத்திலும் அளந்தால் முழு உருவமும் கிடைக்கும் என்று கணித மேதை ராடன் 1917-லேயே நிரூபித்திருந்தார். ஆனால் நிஜ மெஷினால் கொஞ்சம் கோணங்களில்தான் அளக்க முடியும். ரொம்பக் குறைத்தால் படத்தில் இல்லாத கோடுகள் விழும். கூட்டினால் நேரமும் கதிர்வீச்சும் கூடும். லேத் மெஷினின் அடித்தளத்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த முதல் சோதனையில் 28,000 அளவீடுகள் எடுக்கவே 9 நாள் ஆனது!

அந்த நாள்

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் அப்போது இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனை. மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஸ்கேன். 180 கோணம், கோணத்துக்கு 160 அளவீடு. கிடைத்தது 80-க்கு 80, மொத்தம் 6,400 கட்டங்கள் கொண்ட படம். இன்றைய மொபைல் ஐகான் அளவுதான். ஆனால் அதில் நீர்க்கட்டி கருப்பு வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது.

1979-ல் இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்த ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து மருத்துவ நோபல் பரிசு பெற்றார். 2004-ல் காலமானார்.

இப்போ என்ன நிலைமை?

குறைந்த கோணங்களில், குறைந்த கதிர்வீச்சில் நல்ல படம் எடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது. குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம். அடுத்த முறை சிடி ரிப்போர்ட்டில் 'எச்யு' என்று பார்த்தால், அது ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000.